சிவப்பு மிதவைக்கு அப்பால்

சிவப்பு மிதவையைத் தாண்டியதும் அமலோற்பவத்தின் கைகள் சுக்கானை இடப்பக்கம் ஒடித்தன. அவளாக ஒடிக்கவில்லை. மணிக்கட்டில் கிடந்த கைநினைவிதான் ஒடித்தது. அந்தப் பட்டையை மாட்டிக்கொண்டால் கைதேர்ந்த ஒருவரின் பழக்கம் அப்படியே தசைக்குள் இறங்கிவிடும். தையலும் அறுவைச் சிகிச்சையும்கூட இப்போது அப்படித்தான் நடந்தன. தீவுநகருக்குப் படகு ஓட்டும் எல்லோருக்குள்ளும் மூத்த படகோட்டி சிலுவை பர்னாந்தின் கைகள் இருந்தன.

அன்று இடப்பக்கத்தில் புதிதாக நட்ட காற்றாலைத் தூண் நின்றது. அமலோற்பவம் உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டுச் சுக்கானை இழுத்தாள். படகின் விலா தூணை உரசிக்கொண்டு போனது. உள்ளே பள்ளிப் பிள்ளைகள் ஏதோ விளையாட்டென்று சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நேராகப் போனால் என்ன? ஆழமானி வெறும் தண்ணீரைத்தான் காட்டியது. ஆனால் சிலுவை காரணமில்லாமல் திருப்புகிற ஆள் இல்லையே.

படகுத்துறையில் அவரையே பிடித்துக் கேட்டாள். அவர் இன்னமும் படகு ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்.

"அண்ணாச்சி, சிவப்பு மிதவை தாண்டுனதும் ஏன் இடது ஒடிக்கோம்?"

"கை ஒடிக்கு, ஒடிக்கோம்."

"அது உங்க கைதான?"

சிலுவை சட்டைக் கையை ஏற்றிக் காட்டினார். அங்கேயும் பட்டை.

"பதிவு எடுத்த கையோட எனக்கும் மாட்டிவிட்டுட்டாவ. வயசாவுதுல்லா, அதுக்குள்ள இருக்கதுதான் நல்ல கை. ஏன், எதுக்குன்னு எனக்கு எங்க ஞாபகம் இருக்கு தாயி? பட்டையத்தான் கேக்கணும்."

பட்டைக்கு வாய் கிடையாது.

மறுநாள் அமலோற்பவம் ஒருவரையும் ஏற்றாமல், பட்டையைக் கழற்றிவிட்டுத் தனியாகக் கிளம்பினாள். வெறும் மணிக்கட்டு யாருடையதோ போல் இருந்தது. சிவப்பு மிதவை பின்னால் நழுவியது. இதோ பாறை, இதோ மோதப்போகிறது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கைகள் வெடவெடத்தன. ஆனாலும் சுக்கானை நேராகவே பிடித்திருந்தாள்.

அடியில் ஒன்றுமே இல்லை. சிலுவையின் கையைப் பதிவு எடுத்த அன்று வழியில் யாருடைய வலையோ கிடந்திருக்கலாம். அவர் ஒதுங்கிப் போயிருக்கலாம்.

அவள் போய்ச் சொன்னதும் படகு நிர்வாகத்துக்கு ஏக சந்தோஷம். சுக்கானில் பதிவாகியிருந்த அவளது ஓட்டத்தையே எடுத்து எல்லாப் பட்டைகளுக்கும் அனுப்பிவிட்டார்கள். படகுகள் தூணின் பக்கமே போகாமல் நேராக ஓடின.

விடுப்பு நாளொன்றில் அவள் சிலுவையின் படகில் ஏறி, அவர் பக்கத்தில் நின்றாள். மிதவையைத் தாண்டியதும் அவர் கைகள் வெடவெடத்தன. பயணிகள் பேச்சை நிறுத்திவிட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தார்கள்; ஒருத்தி நெற்றியில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"என்ன அண்ணாச்சி?"

"இந்த எடத்துல அடியில என்னமோ கெடக்கு தாயி. எல்லாப் படகுலயும் இப்படித்தான் நடுங்குதாம்."

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. அது என் பயம். நான் பயந்தது பதிவாயிட்டு."

சிலுவை அவளைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். கைகளைத்தான் நம்பினார்.