கைதட்டல் விழுந்த இடம்

படம் களவு போன செய்தி தியேட்டர்க்காரர்களுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி. சிவகாசி நூர் மஹால் தியேட்டரில் மாலைக் காட்சிக்கு நின்ற வரிசையில் ஒருவர், பொழுது போகட்டுமென்று கைபேசியில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி நைனா முகம்மது சும்மா எட்டிப் பார்த்தார். அது 'வளையக்கோள்'. அவருடைய தியேட்டரில் அன்று மதியம்தான் வெளியாகி, ஒரே ஒரு காட்சி ஓடி முடிந்திருந்த படம். அதையே பார்த்துக்கொண்டு, அதையே பார்க்க டிக்கெட்டுக்கும் நிற்கிறார் மனிதர். பெரிய திரையில் பார்த்தால்தான் திருப்தி என்று அதற்கு ஒரு காரணமும் சொன்னார்.

சனிக்கோளைச் சுற்றும் ஒரு நிலாவில் குடியேறிய மனிதர்களின் கதை அது. கதையைப் பற்றி யாரும் பேசவில்லை. காட்சிகளைப் பற்றித்தான் நாடே பேசியது.

இரவே படக் கம்பெனி கண்டுபிடித்துவிட்டது. ஒவ்வொரு தியேட்டர் மெஷினும் திரையில் விழும் படத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைப் பதித்துவிடும். திருட்டுப் பிரதியில் இருந்தது நூர் மஹாலின் குறி. குறியில் நேரம் சொல்லும் பகுதி தேய்ந்துபோயிருந்தது. ஆனால் நேரத்தைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா? பிரதி வெளிவரும் முன் ஓடியது மதியக் காட்சி ஒன்றுதான். படம் கோணாமல் நேராக இருந்ததால், ஆபரேட்டர் அறையின் கண்ணாடி வழியாக எடுத்ததென்பதும் தெரிந்தது. அந்த அறையில் இருந்தவர் ஒரே ஆள், ஆபரேட்டர் ஜெயபாண்டி.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஆளைக் கைது செய்யாவிட்டால் படத்தைத் தூக்கிவிடுவோம், இனி நூர் மஹாலுக்கு எந்தப் படமும் கிடையாது என்று கம்பெனி மிரட்டியது. மெஷினுக்குள் இருக்கும் பதிவை எடுத்துத் தர திங்கட்கிழமை ஆகும் என்றார்கள். கைதுக்கு மட்டும் திங்கட்கிழமை வரை பொறுமை இல்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு சப் இன்ஸ்பெக்டர் சுகிர்தா ஆபரேட்டர் அறைக்கு ஏறி வந்தார். பக்கத்துப் பட்டாசு ஊரான நாரணாபுரத்துக்காரர். அவருடைய அம்மா அரசு ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெயபாண்டியின் இடது கையில் இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும், இந்தத் தியேட்டருக்கு வரும் முன் அவர் என்ன வேலை பார்த்தார் என்று சுகிர்தா கேட்கவில்லை. அந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள்.

"மேட்னி பூரா இங்கனதான் இருந்தீகளா அண்ணாச்சி?"

"நகரல மேடம்."

"வேற ஆள் வந்தாகளா?"

"யாரும் வரல."

"வியாழக்கிழமை?"

"லீவு. மக ரோஷினிய விருதுநகர்ல நர்சிங் படிப்புல சேக்கப் போயிருந்தேன்."

"மேட்னி ஓடுறப்ப மெஷின்ல எதுலயாவது கை வச்சீகளா?"

"ஓட்டிவிட்டா அதுபாட்டுக்கு ஓடும். கை வைக்க என்ன இருக்கு?"

சொன்ன வாய் தெளிவாகத்தான் சொன்னது. கண்தான் சுவரிலிருந்த சத்தத் திருகு வரை போய்விட்டு அவசரமாகத் திரும்பியது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் என்று சுகிர்தா நினைத்துக்கொண்டார். ஆனால் ஒரு பொய் சொல்லிவிட்டார் என்பதும் உறுதி.

கீழே மேனேஜர் அகஸ்டின் டீயோடு காத்திருந்தார். கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத ஆள். நயமான பேச்சு. வியாழக்கிழமை புது சவுண்டு பாக்ஸ் மாட்டியதால் தியேட்டர் மூடியிருந்தது என்றார். மாட்ட வந்தவர்கள் மதியமே போய்விட்டார்களாம். பிறகு தான் மட்டும் இருந்து பத்து நிமிடம் படத்தை ஓட்டிச் சத்தத்தைச் சரிபார்த்தாராம். வெள்ளிக்கிழமை மேட்னியைக் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று முழுதாகப் பார்த்தாராம்.

"அந்த நிலாவுல எரிபொருள் கிடங்கு வெடிக்கிற சீன் வந்துச்சு பாருங்க மேடம், தியேட்டரே கிழிஞ்சு போச்சுங்க. விசிலு, கைதட்டு! எங்க ஊர்லகூட இப்படிப் பார்த்ததில்லைங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஜெயபாண்டி நல்ல மனுசன்தானுங்க. பொண்ணு படிப்புக்குக் கஷ்டம்போல."

சுகிர்தா டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்தார். திரைக்குப் பக்கத்திலிருந்த பக்கவாட்டுக் கதவு வாசலில் நைனா முகம்மதுவின் தங்கை கைருன்னிசா தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கேன்டீன் அவர் பொறுப்பு. காய்ந்த சேற்றுக் கால்தடங்கள் கதவிலிருந்து உள்ளே இருக்கைகள் வரை போயிருந்தன.

"நேத்து மேட்னி ஆளுகதாம்மா. ரெண்டு பக்கக் கதவையும் தள்ளிக்கிட்டு மழைச் சேத்துல இறங்கிட்டு, அப்படியே திரும்ப உள்ள வந்துட்டாக."

"இன்டர்வெல்லுலயா?"

"அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே. நான் கேன்டீன்ல இருந்தேன், என்ன ஏதுன்னு தெரியல. இன்டர்வெல்லுக்குன்னு அம்புட்டுப் பாப்கார்ன் பொரிச்சு வச்சேன், ஒருத்தர் தொடல. அம்புட்டுப் பேரும் தண்ணி பாட்டில்தான் கேட்டாக."

சுகிர்தா அந்தக் கதவை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தார். பிறகு ஆபீஸ் அறையில் உட்கார்ந்து திருட்டுப் பிரதியை ஓட்டச் சொன்னார். அதுவரை எல்லாரும் அந்தப் பிரதியைப் பார்த்திருந்தார்கள். காது கொடுத்துக் கேட்டவர் யாருமில்லை.

இடைவேளைக்குச் சற்று முன் அந்தக் காட்சி வந்தது. தொலைவில் ஒரு குன்றிலிருந்து பார்ப்பதாகக் காட்டியிருந்தார்கள். முதலில் திரை முழுக்க வெள்ளை வெளிச்சம். சில நொடி ஒரு சத்தமும் இல்லை. பிறகு காதைப் பிளக்கும் வெடி. உடனே விசில், கைதட்டல், கூச்சல். சுகிர்தா அந்த இடத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். முகம் இறுகிப்போயிற்று. கடைசியில் கோளின் வளையம் சிதறி வானமெல்லாம் வண்ணமாக நிறையும் காட்சியில், பிரதியில் கூட்டத்தின் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"இன்னைக்கு மேட்னிக்கு எனக்கு ஒரு டிக்கெட். முதல் வரிசை" என்றார்.

முதல் வரிசையில் படம் சரியாகத் தெரியாதே என்று நைனா முகம்மது தயங்கினார்.

"நான் படம் பாக்க வரல."

இரண்டு நாளாக மின்னலும் மேகமுமாக இருந்தது. அப்படிப்பட்ட நாளில் பட்டாசுக் கம்பெனிகளில் வெடிமருந்து வேலை நடக்காது. எம். புதுப்பட்டி, நாரணாபுரம் வேன்கள் வேலையாட்களை நேராகத் தியேட்டர் வாசலில் கொண்டுவந்து இறக்கின. நேற்றும் அப்படித்தான் நடந்திருந்தது.

விளக்கு அணைந்ததும் சுகிர்தா திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பக்கத்திலிருந்தவர்கள், அவர் போலீஸ் என்பதால் மட்டும், சிரிக்காமல் இருந்தார்கள். அவருக்கு முன்னால் முந்நூறு முகங்கள். அந்த முந்நூறில் ஒன்று மட்டும் திரையைப் பார்க்கவில்லை. நாலாவது வரிசையில் ஒரு பெண், உடம்பைத் திருப்பி, மேலே ஆபரேட்டர் அறைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயபாண்டியின் மனைவி முத்துச்செல்வி. புதுப்பட்டிக் கம்பெனியில் வேலை. கணவர் ஓட்டும் கடைசிப் படமாக இது இருந்துவிடுமோ என்ற பயத்தில், படத்தைப் பார்க்க மனமில்லாமல், படம் ஓட்டுகிறவரைப் பார்க்க வந்திருந்தார். தலையைத் திருப்பியபோது போலீஸ்காரி தன்னைப் பார்ப்பதைக் கவனித்துத் தலையைக் குனிந்துகொண்டார். சுகிர்தாவுக்கு மனசு கனத்தது.

இடைவேளை நெருங்கியது. திடீரென்று எல்லா முகங்களும் வெளுத்தன. திரையில் வெள்ளை வெளிச்சம் விழுந்துவிட்டது.

சத்தம் வருவதற்கு முன்பே முந்நூறு பேரின் கைகளும் காதுக்குப் போயின. வெளிச்சத்துக்குப் பின்னால் சத்தம் வரும் என்று அவர்களுக்கு எந்த விஞ்ஞானியும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓரத்து இருக்கைக்காரர்கள் எழுந்தே விட்டார்கள். யாரும் யாரையும் இடிக்கவில்லை. பக்கவாட்டுக் கதவுகள் இரண்டும் திறந்தன. மழைப் பகலின் வெளிச்சம் உள்ளே பாய்ந்து திரையில் பாதி வெளிறிப்போயிற்று. அதற்குப் பிறகுதான் வெடிச்சத்தம் வந்தது. அடுத்த தெருவில் யாரோ கதவைச் சாத்தியதுபோல அவ்வளவு சின்னதாக வந்தது. ஒரு கைதட்டல் இல்லை. ஒரு விசில் இல்லை. வெளியே போனவர்கள் வெட்கத்தோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

ஆனால் கடைசிக் காட்சியில் அந்தக் கூட்டமே வேறு கூட்டமாகிவிட்டது. வளையம் சிதறி நிறங்கள் கொட்டியபோது பெண்கள் எழுந்து நின்று கை நீட்டினார்கள். அந்தச் சிவப்பு நம்ம சிவப்பு, அந்தப் பச்சையை இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கலாம் என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். ஒரு ஃபோர்மேன் நாற்காலி மேல் ஏறி விசிலடித்தார். தாங்கள் குழாயிலும் குப்பியிலும் அடைத்து அனுப்புவது வானம் அளவுக்கு விரிந்ததைப் பார்த்த பெருமை ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது. சுகிர்தா தன்னையறியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

மாலை ஐந்தரை. ஆபீஸ் அறையில் நைனா முகம்மது, அகஸ்டின், ஜெயபாண்டி மூவரையும் உட்காரவைத்தார் சுகிர்தா.

"அண்ணாச்சி, அந்த வெடிச் சீன்ல உங்க கை எங்க போச்சுன்னு இப்பவாவது சொல்லுங்க."

ஜெயபாண்டி முதலாளியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்.

"சத்தத்தக் குறைச்சிட்டேன் மேடம். நேத்தும், இன்னைக்கும். நேத்து எனக்கே அந்தச் சீன் வரும்னு தெரியாது. வெளிச்சத்தப் பாத்ததும் கை தன்னால திருகுக்குப் போயிருச்சு. கீழ உக்காந்திருக்கிறது பூரா நம்ம பட்டாசுக் கம்பெனி ஆளுக."

புது சவுண்டு பாக்ஸ் மாட்டிய பிறகு சத்தத்தை யார் குறைத்தாலும் வேலை போய்விடும் என்று மேனேஜர் ஆபீஸ் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். அதனால்தான் ஜெயபாண்டி மறைத்தாராம்.

சுகிர்தா அகஸ்டின் பக்கம் திரும்பினார். "நேத்து மேட்னில சத்தம் குறைஞ்சு வந்திருக்கு. திருட்டுப் பிரதியில காதே கிழியுது. நேத்து கதவு ரெண்டும் திறந்து திரையில வெளிச்சம் விழுந்திருக்கு, சேத்துக் கால்தடமே சாட்சி. பிரதியில வெளி வெளிச்சம் துளியும் படாம திரை சுத்தமா இருக்கு. அப்போ அது மேட்னில எடுத்ததே இல்ல. அதுக்கு முன்னாடி இந்தத் திரையில இந்தப் படம் ஓடினது ஒரே ஒரு தடவை. வியாழக்கிழமை, உங்க ஒருத்தருக்காக."

"நான் பத்து நிமிசம்தானுங்க..."

"முழுசா ஓட்டி, மேல கேமராவ வச்சு எடுத்திருக்கீங்க. காலித் தியேட்டர்ல எடுத்தா ஆள் சத்தம் இருக்காது, உடனே வியாழக்கிழமைன்னு தெரிஞ்சிரும். அதனால வேற எங்கேயோ பிடிச்ச கைதட்டலக் கொண்டுவந்து ஒட்டி, மேட்னி மாதிரி ஆக்கி, பழிய இவர் தலையில வச்சிட்டீங்க. கைதட்டல எங்க ஒட்டுறதுன்னு யோசிச்சப்பதான் தப்பு நடந்துச்சு. பெரிய வெடின்னா கூட்டம் கைதட்டும்னு நினைச்சீங்க. எல்லா ஊர்லயும் தட்டுவாங்க. இந்த ஊர்ல மட்டும் வெடிக்கு யாரும் கைதட்ட மாட்டாக, சார். கேட்டதும் ஓடிப் பழகின சத்தம் அது. தட்டினது கடைசில, அந்த நிறத்துக்கு. அங்க உங்க பிரதி ஊமையா இருக்கு. என்கிட்ட பேசுறப்பவும் அதே இடத்துல கைதட்டினாங்கன்னு சொன்னீங்க. நீங்க மேட்னி பாக்கவே இல்ல."

அகஸ்டின் டீ கிளாஸைக் கையில் எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்தார். திங்கட்கிழமை மெஷின் பதிவு வரும், வியாழக்கிழமை எவ்வளவு நேரம் ஓடியது என்று அதுவே சொல்லும், அதற்கு முன் நீங்களே சொன்னால் மரியாதை என்றார் சுகிர்தா. அகஸ்டின் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சென்னையில் ஒருவனுக்கு விலை பேசி விற்றிருந்தார். புதிதாக வந்த ஊரில் யாரைப் பற்றியும் அவருக்கு எதுவும் தெரியாது. ஜெயபாண்டியின் விரல்களைக்கூட அவர் கவனித்ததில்லை.

கான்ஸ்டபிள்கள் அகஸ்டினை அழைத்துப் போன பிறகு, நைனா முகம்மது சுவரில் ஒட்டியிருந்த உத்தரவைக் கிழித்துப் போட்டார். ஜெயபாண்டியின் தோளில் கை வைக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, அந்த இடது கையையே பிடித்துக்கொண்டார்.

"ஆறரைக்கு ஷோ இருக்குய்யா. மேல போ. அந்த ஒரு எடத்துல மட்டும் குறைச்சுக்க. சைடு கதவுக்கு இனிமே தாழ்ப்பாள் கிடையாது."

மாலைக் காட்சிக்கு சுகிர்தா தன் சொந்தக் காசில் டிக்கெட் வாங்கினார். நாலாவது வரிசையில் முத்துச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்தார், இந்த முறை திரையைப் பார்த்து. முத்துச்செல்வியும் திரையைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். மகள் ரோஷினி நர்ஸாகி வார்டில் நிற்கப் போவதைப் பற்றி இரண்டு பேரும் விளக்கு அணையும் வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

இடைவேளைக்கு முன் திரை வெளுத்தது. சட்டத்தின் காவலர், வழக்கை முடித்தவர், எந்த நொடியில் என்ன வரும் என்று மனப்பாடமாகத் தெரிந்தவர். அப்படிப்பட்ட சுகிர்தாவின் இரண்டு கைகளும் அவரைக் கேட்காமலே காதைப் பொத்தின.

முத்துச்செல்வியின் கைகள் மடியிலேயே இருந்தன. அவர் சுகிர்தாவின் முழங்கையை மெல்லத் தொட்டுக் கீழே இறக்கினார்.

"பயப்படாதீக மேடம். அவுக குறைச்சிருவாக."