அனுப்பியவள் உயிரோடு இல்லை!

டெலிபோன் அலறியது.

காலை பதினொன்று பத்து. தலைமைத் தபால் அலுவலகம், இரண்டாவது மாடி, நஷ்டஈட்டுப் பிரிவு.

அதிகாரி ரிசீவரை எடுத்தாள். கையெழுத்தில் ஒரு சுழி மாறினாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் ஊழியர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர், பூதக்கண்ணாடி.

"ஹலோ..."

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"யாருங்க பேசறது?"

"அந்த ஆளுக்குப் பணம் குடுத்துடாதீங்க..."

பெண் குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"குடுத்துட்டா ஃபைலை மூடிடுவீங்க. பார்சலைத் தேடுங்க... பச்சை நூல்ல தைச்சது..."

"எந்தப் பார்சல்? நீங்க யாரு?"

"அனுப்புனவ."

டொக்!

டெலிபோனின் சின்னத் திரையில் அழைத்த எண் மின்னிக்கொண்டிருந்தது. பூதக்கண்ணாடி மேஜையில் விரிந்து கிடந்த விண்ணப்பத்தைப் பார்த்தாள்.

அதே எண்!

எதிர் நாற்காலியில், அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்த மருந்துக்கடைக்காரர் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மேடம், பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. வீட்ல இப்ப யார் இருக்காங்க சார்?"

"யார் இருக்கா? கீழ கடை, மேல வீடு. ரெண்டையும் பூட்டிட்டுத்தான் வந்தேன். கடையில வேலை செய்யற பொண்ணுக்கும் இன்னிக்கு லீவு குடுத்துட்டேன்."

பூதக்கண்ணாடி டெலிபோனை மறுபடி பார்த்தாள்.

"பார்சல் அனுப்புனது..."

"என் சம்சாரம்தான். அத்தனை நகையையும் அவ அக்காவுக்கு இன்ஷூர் பண்ணி அனுப்பியிருக்கா. அக்காவுக்குப் போய்ச் சேரல. இவளும் திடீர்னு மாரடைப்புல போயிட்டா. அவ கைப்பையில ரசீது இருந்தது. மூணாவது தடவையா அலையறேன் மேடம். பொண்டாட்டியைப் பறிகொடுத்தவனை இப்படியா இழுத்தடிப்பீங்க?"

கைக்குட்டை கண்ணுக்குப் போனது. கண் என்னவோ வறண்டுதான் இருந்தது.

பூதக்கண்ணாடி ரசீதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். முத்திரை மை பரவி, தேதி அழிந்திருந்தது. கவுன்ட்டரின் பதிவேட்டை வரவழைத்திருந்தாள். அதைப் புரட்டினாள்.

பதினாலாம் தேதி.

இறப்புச் சான்றிதழை எடுத்தாள்.

பன்னிரண்டாம் தேதி.

ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்தாள்.

"சார்... உங்க மனைவி பார்சலை எப்ப அனுப்புனாங்க?"

"சாகறதுக்கு முன்னாடிதான்! இதென்ன கேள்வி?"

"இல்ல. செத்து ரெண்டு நாள் கழிச்சு அனுப்பியிருக்காங்க."

கைக்குட்டை தரையில் விழுந்தது.

"வி... விளையாடாதீங்க மேடம்."

"பதிவேடு விளையாடாது சார். அனுப்புனவங்கங்கற இடத்துல அவங்க பேர்தான் இருக்கு."

அவர் திரும்பி வாசலைப் பார்த்தார். வாசலில் யாருமில்லை. ஆனாலும் நாற்காலியை நகர்த்தி, சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டார்.

"உங்க ஆளுங்க தேதியைத் தப்பா எழுதியிருப்பாங்க. எனக்குச் சேர வேண்டியதைக் குடுத்துடுங்க, போயிடறேன்."

"கடைசியா ஒரு தடவை தேடிப் பார்த்துடறேன். கிடைச்சா திறந்து பார்க்கணும். உரியவங்க கையெழுத்து இல்லாம எங்களால ஒரு முடிச்சைக்கூட அவிழ்க்க முடியாது."

நகை என்றதும் பயம் பறந்துவிட்டது. படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

இருவரும் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள்.

முகவரி அழிந்த கடிதங்கள், ஆளில்லாத வீடுகளுக்கு வந்த பொட்டலங்கள்... எல்லாம் அடங்கிக் கிடக்கிற அறை. ஜன்னல் கிடையாது. பழைய கோந்து வாசனை. செத்த தபால்களுக்குக் கணக்கு வைத்திருந்த ஊழியரைச் சித்ரகுப்தன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆள் ஆறடி.

"பச்சை நூலா? நம்பரை வச்சு ஏற்கனவே தேடியாச்சேம்மா, கிடைக்கல. போன மாசம் மழையில நனைஞ்ச மூட்டை ஒண்ணு இருக்கு. லேபிள் எல்லாம் உரிஞ்சு போச்சு."

"கொட்டுங்க."

கொட்டினார்.

பழுப்பேறிய பொட்டலங்களுக்கு நடுவே... பச்சை!

உள்ளங்கை அகலத்தில் ஒரு துணிப் பொட்டலம். நெருக்கமான தையல். முகவரி கரைந்து நீலக் கறையாகியிருந்தது.

"அவ தையல்தான்!" மருந்துக்கடைக்காரர் துள்ளினார். "திறங்க மேடம், திறங்க!"

கத்தரி நூலை வெட்டியது.

நகை இல்லை.

ஒரு சின்ன மருந்துப் பாட்டில். நாலாக மடித்த ஒரு காகிதம். பாட்டிலின் லேபிளில் அவருடைய கடைப் பெயர், அவருடைய கையெழுத்து.

பூதக்கண்ணாடி காகிதத்தைப் பிரித்து வாசித்தாள்.

"அக்கா, இருமலுக்குன்னு தினம் இதை அவர் கையாலயே குடுக்கறார். குடிச்சா நெஞ்சு படபடங்குது, கண்ணு இருட்டுது. ரெண்டு நாளா குடிக்கிற மாதிரி நடிச்சுத் துப்பிடறேன். எத்தனை நாளைக்கு இப்படி ஏமாத்த முடியும்னு தெரியல. நீ உடனே இதைப் பரிசோதனைக்குக் குடு. நகைன்னு சொன்னாத்தான் பத்திரமா வந்து சேரும்னு அப்படிச் சொல்லியிருக்கேன். நீ வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் காத்திருக்கேன்."



காத்திருந்திருக்கிறாள்!

மருந்துக்கடைக்காரர் பாய்ந்தார்.

"குடுங்க அதை! அது என் பொண்டாட்டியோடது! நான் வாரிசு!"

சித்ரகுப்தன் கதவைச் சாத்தி முதுகைக் கொடுத்து நின்றார்.

"அவசரப்படாதீங்க. இங்க வந்தது எதுவும் அவ்வளவு சீக்கிரம் வெளிய போறதில்ல."

பூதக்கண்ணாடி அறையிலிருந்த டெலிபோனில் முதலில் போலீஸுக்குப் பேசினாள். அடுத்து விண்ணப்பத்திலிருந்த எண்ணைச் சுற்றினாள்.

ஒரே மணியில் எடுக்கப்பட்டது. அதே மூச்சு.

"பச்சை நூல் கிடைச்சுடுச்சும்மா. நீங்க யாரா இருந்தாலும் வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் பாட்டிலை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். விலங்கு மாட்டிய கைகளை ஆட்டி மருந்துக்கடைக்காரர் கத்தினார்.

"எல்லாம் ஜோடிச்சது! செத்தவ எப்படி சார் பார்சல் அனுப்ப முடியும்?"

"நான்தான் அனுப்புனேன்."

கிணற்றுக் குரல்!

வாசலில் ஒடிசலாக ஒரு இளம்பெண். கையில் ஒரு சாவி.

"நீயா?" அவர் வாய் திறந்தபடி நின்றது. அவருடைய கடையில் வேலை செய்கிற பெண்!

"உங்க வீட்டு அக்கா உயிரோட இருந்தப்ப எனக்குக் குடுத்த மாத்துச் சாவி இது. காலையில நீங்க நஷ்டஈடு வாங்கக் கிளம்பினதும் திறந்து உள்ள போய், அங்கேருந்துதான் போன் பண்ணேன்."

"இறந்தது பன்னிரண்டு. நீ ஏன்மா பதினாலாம் தேதி அனுப்பினே?" என்றாள் பூதக்கண்ணாடி.



"எட்டாம் தேதியே என் கையில குடுத்தாங்க மேடம். 'நகைடீ, உடனே போட்டுடு, இது போய்ச் சேர்ந்தா நான் பிழைச்சுக்குவேன்'னாங்க. எனக்கு... ஆசை வந்துடுச்சு. நாமளே எடுத்துக்கிட்டா என்னன்னு தோணுச்சு. வீட்ல ஒளிச்சு வச்சேன். பிரிக்க தைரியம் வரல. போட்டுட்டியான்னு தினம் கேட்டாங்க. போட்டுட்டேன்னு பொய் சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தாங்க... ஒருநாள் கேட்கல. செத்துட்டாங்க!"

அவள் சாவியை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

"அப்புறம் அது என்னைத் தூங்க விடல. அவங்க பேர்லயே போட்டுட்டு, ரசீதை அவங்க கைப்பையில வச்சுட்டேன். அன்னிக்கே போட்டிருந்தா... அக்கா இப்ப உயிரோட இருப்பாங்க இல்ல மேடம்?"

பூதக்கண்ணாடி அவள் தோளை இறுகப் பிடித்தாள்.

வாசல் வரை இழுத்துப் போகப்பட்ட மருந்துக்கடைக்காரர் திரும்பி உறுமினார்.

"உங்களைச் சும்மா விடமாட்டேன்! மேலிடத்துக்கு எழுதுவேன்! உள்ள இருந்துக்கிட்டே எழுதுவேன்!"

பூதக்கண்ணாடி அவருடைய விண்ணப்பத்தின் மேல் 'பொருள் கிடைத்துவிட்டது' என்ற முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

"தாராளமா எழுதுங்க சார்... ஜெயில்லேருந்து வர்ற லெட்டரை நாங்க தொலைக்கிறதே இல்ல!"