கன்றாளி கற்ற பாடம்

செவ்வாய்க் கோளின் குவிமாடக் காட்டில் அன்றும் செத்த கன்றுகளைப் பிடுங்கிப் போடுவதோடுதான் வகுப்பு தொடங்கியது. வனப் பாதுகாப்பில் முதுகலை படிக்கிறவர்களுக்கு அது பழகிப்போன காலை வேலை. தமயந்தி மட்டும் ஒவ்வொரு கன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கன்றுகள் ஏன் சாகின்றன என்பதுதான் அவளுடைய ஆய்வு. மறுநாள் வாய்மொழித் தேர்வு. காரணம் சொல்லாவிட்டால் பட்டம் கிடையாது. பாசித்தொட்டி கழுவ அனுப்பிவிடுவார்கள்.

மண்ணில் சத்துக் குறைவில்லை. செயற்கை வெயிலும் சரியாக இருந்தது. குழாய் நிறையத் தண்ணீர் என்று திரை சொன்னது. பிறகு என்ன கேடு? இருப்புக்கொள்ளாமல் நடந்தாள், நடக்கவும் எரிச்சலாக இருந்தது. கடைசியில், கன்று நடும் எந்திரமான கன்றாளியின் மேல் பாய்ந்தாள்.

"நட்டதுக்கப்புறம் நீ என்னதான் செய்யிற?"

"நிமிந்து நிப்பேன். சிரிப்பேன். படம் எடுத்ததும் கெளம்பிடுவேன்."

"தண்ணி?"

"அதை எனக்கு யாரும் சொல்லித் தரலையேம்மா."

கன்றாளிக்குக் கற்பிக்கப் பூமியிலிருந்து மரம் நடு விழாக் காணொளிகளை மலைமலையாக அனுப்பியிருந்தார்கள். தமயந்தி ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள். பன்னீர், பொன்னாடை, ஒரே கன்றைப் பிடித்துக்கொள்ள முண்டியடிக்கும் கைகள். மறுநாள் ஒரு குவளைத் தண்ணீரோடு திரும்பி வந்த ஒருவரைக்கூடக் காணோம். கன்றாளி பார்த்துக்கொள்ளும் என்று இங்கே எல்லோரும், அவளும்தான், திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் தேர்வில் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பேராசிரியர் அருளானந்தம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"அடேயப்பா! இதைச் சும்மா விடக்கூடாதும்மா. இன்னிக்கே ஒரு விழா வெச்சிடுவோம்!"

மாலையில் தமயந்திதான் சிறப்பு விருந்தினர். பட்டம் கிடைத்த பூரிப்பில் புதுக் கன்று ஒன்றை நட்டாள். எல்லோரும் அவளை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கன்றாளி படம் எடுத்தது. அவள் குழாயைத் தேடித் திரும்பினாள்.

"தண்ணி ஊத்தணும் சார்."

"யாராவது ஊத்துவாங்கம்மா. பந்தி போட்டாச்சு, வா."

அவள் தயங்கினாள். அதற்குள் கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு நகர்ந்துவிட்டது. போகிற போக்கில் கன்றாளியிடம் குனிந்து மெல்லக் கேட்டாள்:

"படத்துல நான் நல்லா இருக்கேனா?"

"ரொம்ப நல்லா இருக்கீங்கம்மா. பாடத்துல சேத்துக்கிட்டேன்."