சொட்டு நின்ற அறை

டாக்டர் உள்ளே வந்ததும் பித்தநீர் சொட்டுவது நின்றது.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அடித்தள அறையில், கண்ணாடித் தொட்டிக்குள், உடம்பை இழந்த ஒரு மனிதக் கல்லீரல் உடம்பின் சூட்டோடு உயிருடன் கிடந்தது. பம்ப் அதற்குள் ரத்தத்தைச் செலுத்திக்கொண்டே இருக்கும். அது சுரக்கிற பித்தநீர் மெல்லிய குழாய் வழியாக இறங்கி, கீழே வைத்த குப்பியில் சொட்டுச் சொட்டாக விழும். அங்கே டெக்னீஷியனாக இருந்த அவளுக்கு மருந்து நெடியும் சூடான ரத்தத்தின் இரும்பு வாடையும் பழகிப் போயிருந்தன. ஆனால் சொட்டு விழும் சத்தத்துக்கு மட்டும் காது எப்போதும் விழித்தே இருக்கும். சொட்டு விழுந்தால் ஈரல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

டாக்டர் திரையில் ஓடிய எண்களைப் பார்த்தார், தலையை ஆட்டினார், போனார். கதவு சாத்திய பிறகு குப்பியில் மறுபடியும் சொட்டு விழுந்தது.

கொழுப்பு மண்டிப்போய் எந்த ஆஸ்பத்திரியும் வேண்டாமென்று ஒதுக்கும் கல்லீரல்களை இப்படி வெளியே வைத்து, மருந்து ஓட்டி, கொழுப்பைக் கரைத்து, இன்னொருவருக்குப் பொருத்தத் தகுந்ததாக மாற்ற முடியுமா என்பதுதான் டாக்டரின் ஆராய்ச்சி. இதுவரை எதுவும் மனித உடம்புக்குள் போனதில்லை. முதன்முதலாகப் போகவிருந்தது இந்த ஈரல்தான். அது பொருத்தப்படவிருந்ததோ, இதே கட்டடத்தின் மேல்மாடியில் மஞ்சள் பூத்த கண்களும் நீர் கோத்த வயிறுமாகப் படுத்திருந்த அவளுடைய அக்காவுக்கு.

அக்காவுக்கு அந்த நிலையிலும் வாய் குறையவில்லை.

"கொழுப்பெடுத்த ஈரலா? அப்ப எனக்குன்னே செஞ்சதுதான்டி, சின்னவளே."

சிரித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரைத் தெய்வம் என்றே சொல்வாள். அவர் வார்டுக்கு வருகிறார் என்றால் எழுந்து உட்கார்ந்து தலையைச் சரிசெய்துகொள்வாள்.

மறுநாளும் டாக்டர் வந்தபோது சொட்டு நின்றது. அடுத்த நாளும். கதவு திறக்கும்போது குளிர்காற்று படுகிறதோ என்று தொட்டியின் மூடியைச் சோதித்தாள். குழாய் மடிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பெருக்க வரும் அம்மா வந்தாள், சொட்டு விழுந்தது. அடுத்த ஷிப்டுக்காரன், உட்கார்ந்தபடியே தூங்குவதால் எல்லாரும் 'குறட்டை' என்று கூப்பிடுகிறவன், வந்தான், சொட்டு விழுந்தது. டாக்டர் வந்தால் மட்டும் நின்றது. அப்போது திரையில் அழுத்தத்தின் எண் ஏறியது. உள்ளேயிருக்கும் ரத்தக்குழாய்கள் எல்லாம் ஒரு கை முஷ்டி பிடிப்பதைப் போல இறுகினால்தான் அப்படி ஏறும்.

ஒரு பிற்பகல் கதவு சாத்தியிருந்தது. வெளி நடையில் டாக்டர் மாணவர்களுக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அவர் குரல் கதவு வழியாக மெல்லக் கசிந்து வந்தது.

சொட்டு நின்றது.

ஈரலுக்குக் காது ஏது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவர்கள் போன பிறகு செல்போனை எடுத்து, குறட்டை அனுப்பியிருந்த குரல் செய்தியைத் தொட்டியருகே ஓடவிட்டாள். சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. பிறகு டாக்டர் எங்கோ பேசிய உரையை, சத்தத்தைக் குறைத்து வைத்தாள். சொட்டு நின்றது. ஈரலின் பழுப்பு விளிம்பு நடுங்கியது. போன் இருந்த பக்கத்திலிருந்து மெல்ல, மிக மெல்ல, உள்ளே ஒடுங்கியது.

அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

இது யாருடையது? அந்த எண்ணம் வந்த பிறகு போகவே இல்லை. வழக்கமாக ஆஸ்பத்திரி வண்டியில் ஆட்களோடு வரும் ஈரல் பெட்டி, இந்த முறை டாக்டரின் சொந்தக் காரில் வந்தது. அவரே தூக்கிக்கொண்டு இறங்கினார். ஈரலுக்குரியவர் இறந்தது சாலை விபத்தில் என்று அன்று அவளிடம் சொன்னார். நடையில் மாணவர்களிடம் அவர் சொல்லி இவள் காதில் விழுந்ததோ, மூளையில் ரத்தக்கசிவு. குறட்டையிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள். அவன் முதன்முறையாக முழுசாக விழித்திருந்து அவளைப் பார்த்தான். உங்க அக்காவுக்குக் கிடைக்கப் போகுது, நமக்கெதுக்கு வம்பு என்றான்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் டாக்டர் வந்து வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். அவள் குப்பியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். அவர் குப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பப்போ நின்னுடுதா?"

"இல்ல சார்."

"நல்லது. நிக்குதுன்னா உங்க அக்காவுக்கு வைக்க முடியாதில்லையா?"

மூடியைத் திறந்து, கையுறை போட்ட விரலால் ஈரலின் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தார், தூங்கும் குழந்தையின் முதுகைத் தடவுவதைப் போல. அழுத்தம் ஏறியது. இன்னும் ஏறியது. அலாரம் அலறியது. அவரே கைநீட்டி அதை அணைத்தார். அந்த அமைதியில் அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். மேலே அக்கா இருக்கிறாள். அக்கா பிழைக்க வேண்டும். அதற்கு மேல் எதையும் நினைக்க மனம் இடம் தரவில்லை.

அறுவை நன்றாக நடந்தது என்றார்கள். சில நாட்களில் அக்காவின் கண்கள் வெளுத்தன. வயிறு வடிந்தது. கன்னத்தில் பழைய நிறம் எட்டிப் பார்த்தது. பசிக்கிறது என்று சொன்னாளாம். நர்ஸ் வந்து சொன்னபோது அவள் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தான் செய்தது சரிதான் என்று தோன்றியது. பயந்ததெல்லாம் தூக்கமில்லாத மூளையின் வேலை என்றும் தோன்றியது.

மறுநாள் காலை அவள் அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வெயில் போர்வை மேல் கிடந்தது. அக்கா அயர்ந்து தூங்கினாள். விலாவிலிருந்து வந்த குழாயில் பித்தநீர் பச்சையும் பொன்னுமாக இறங்கிக்கொண்டிருந்தது. நடையில் யாரோ சிரித்தார்கள். பிறகு டாக்டரின் குரல். பக்கத்து அறையில் யாரிடமோ நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

குழாயில் எதுவும் இறங்கவில்லை.

அவள் அதையே பார்த்தாள். இறங்கவில்லை.

போர்வைக்குள் அசைவு. அக்காவின் கைகள் வெளியே வந்தன. கண் மூடியே இருந்தது. கைகள் மட்டும் மெல்ல மேலே போயின. மார்பைத் தாண்டின. கழுத்தைச் சுற்றி மூடிக்கொண்டன. யாரோ நெரிக்க வருவதைத் தடுப்பதைப் போல. இறுக்கமாக.

"அக்கா."

தோளைத் தொட்டு அசைத்தாள்.

காலடிச் சத்தம். அடுத்த கதவு இதுதான்.

அக்காவின் கண்கள் திறந்தன. அவை கதவைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தன. கூட்டத்தில் எங்கோ பார்த்த முகத்தை ஞாபகப்படுத்திக்கொள்வதைப் போல நிதானமாகப் பார்த்தன. உதடு பிரிந்தது.

"மேடம்..."

மிகவும் மரியாதையான குரல். சின்ன வயசுக் குரல், அக்காவுடையது அல்ல.

"அவர் என்னைத் தொட்டப்போ நீங்க பாத்துட்டுதானே இருந்தீங்க?"

கதவு திறந்தது. டாக்டர் புன்னகையோடு உள்ளே வந்தார். கழுத்தைப் பொத்திய கைகளை எடுக்காமலே, அக்காவின் உடம்பு அங்குலம் அங்குலமாகச் சுவரோரம் ஒடுங்கத் தொடங்கியது.