வெறுந்தொட்டில்

மணிச் சத்தம் நிற்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளைப் படியிறக்கி அனுப்பிவிட்டு வழிகாட்டி மார்லேன் திரும்பி வந்தபோதும், ஐந்நூறு வருஷத்துப் பழைய அந்தக் குட்டித் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அடியில் தொங்கிய வெள்ளி மணிகள் கிணுகிணுத்தன.

ஃபிளாண்டர்ஸ் பகுதியின் இந்தப் பழைய கன்னியர் மடம் இப்போது அருங்காட்சியகம். கிறிஸ்துமஸ்தோறும் மரத்தாலான குழந்தை இயேசுவை அந்தத் தொட்டிலில் கிடத்திக் கன்னியர் தாலாட்டுவார்களாம். அந்த மரக் குழந்தையைப் பூச்சி அரித்ததால் பழுதுபார்க்கப் பக்கத்து ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். பிள்ளைகள் மணியோசை கேட்கணும் என்று அடம்பிடித்தன. ஆட்டிக் காட்டினாள்.

"வெறுந்தொட்டிலையா ஆட்டுன? அடிப்பாவி!" காவலாளி யூஸ்ட் வாசலில் நின்று சிரித்தார். "குழந்தைய துடைக்க எடுத்தாக்கூட, துணியச் சுருட்டி உள்ள வெச்சிட்டுத்தான் அந்த சிஸ்டருங்க எடுப்பாங்களாம். இல்லன்னா தொட்டில் வேற புள்ள கேக்குமாம்."

"போங்கண்ணே, உங்களுக்கு வேற வேலையே இல்ல."

"எனக்கென்ன? கீழதான் ஒண்ணு கொழுகொழுன்னு தூங்குதே!"

கதவுகளைப் பூட்ட அவர் போய்விட்டார். நாக்கில் எவ்வளவு விஷம்! குழந்தைகள் காப்பகத்தில் இன்று வேலைநிறுத்தம். ஐந்து மாத மகன் சேப்பேவுக்குப் பாலூட்டி, கீழே பழங்காலச் சமையல்கூடத்தில் கூடையில் தூங்கவைத்திருந்தாள்.

குனிந்து தொட்டிலைப் பிடித்து நிறுத்தினாள். சன்னலில் மழை வழிந்துகொண்டிருக்க, மெழுகும் பழைய மரமும் மணக்க வேண்டிய அந்த அறையில் தாய்ப்பால் வாடை அடித்தது. பட்டு மெத்தையின் நடுவே, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல ஒரு சிறு பள்ளம். தொட்டாள். சூடாக இருந்தது.

சுவருக்குள்ளிருந்து பெண்கள் பலர் தாழ்ந்த குரலில் பாட ஆரம்பித்தார்கள்.

ஓடினாள். படிகள். இருட்டு. செப்புப் பாத்திரங்கள். கூடை.

போர்வைக்குள் சேப்பே அசையாமல் கிடந்தான். அப்பாடா! உயிர் வந்தது அவளுக்கு. வாரி எடுத்தாள்.

கனத்தது. ஜில்லென்றிருந்தது.

போர்வை நழுவியது. சாயம் பூசிய மரக் கன்னம். கன்னமெங்கும் பூச்சி அரித்த துளைகள். உதட்டில் ஈரமாக அவளுடைய பால்.

மாடியில் சேப்பே வீறிட்டான்.

"ஷ்ஷ்..." பல பெண்கள் சேர்ந்து அமர்த்தினார்கள். அழுகை தேய்ந்தது. நின்றே போனது.

"சேப்பே!" என்று கத்த வாயெடுத்தாள். கையிலிருந்த மரத் தலை மெல்லத் திரும்பி, வாயைத் திறந்து, அவள் மார்பைத் தேடியது.