லிஃப்ட்டுக்குள் ஒரு குரல்

மின்சாரம் போனதும் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே, எதிர்வீட்டுப் போர்ச்சுகீசியக் குடும்பத்தின் பொடிசு தனியாக மாட்டிக்கொண்டாள். அவள் அம்மா மெக்கானிக்கைக் கூட்டிவர, சிட்டுவின் மாமா கொடுத்த செல்போன் வெளிச்சத்தில் கீழே ஓடினார்.

கதவருகே மிஞ்சியது மாமாவும் சிட்டுவும்தான். சிட்டுவுக்கு இருட்டு என்றாலே குலை நடுங்கும். ஜன்னல் இல்லாத அந்த நடைவழியில் தன் கையே தனக்குத் தெரியவில்லை.

"ஃபீக்கா!" என்று உள்ளிருந்து அழுகுரல் வந்தது. "ஃபீக்கா!"

மாமா தொண்டையைச் செருமினார். தபாலில் போர்ச்சுகீசியம் படித்து, சான்றிதழை ஹாலில் மாட்டி, அதற்குத் தனி விளக்கும் போட்டவர் அவர். எதிர்வீட்டாரிடம் இதுவரை ஒரு வணக்கம்கூடச் சொன்னதில்லை. இலக்கணம் பிசகிவிடுமாம்.

அது 'ஃபிக்கார்' என்ற வினைச்சொல் என்றார். இருப்பது, ஆவது, அமைந்திருப்பது, மிஞ்சுவது என்று யாருக்கும் தெரியாத இருட்டில் விரல்களை மடக்கினார். சரியான பொருள் தெரியாமல் பதில் சொல்வது அந்த மொழிக்கே அவமரியாதையாம். மேல்தளத்திலிருக்கும் வீட்டிலிருந்து அகராதி எடுக்க மாடிப்படி ஏறினார்.

"இருட்டுல எப்படிப் படிப்பீங்க மாமா?"

அதற்குள் போய்விட்டார்.

சிட்டு பயந்துபோய் அவர் பின்னால் ஓரடி வைத்தாள். உள்ளே அழுகை வீறிட்டது. நின்றாள். அழுகை தணிந்தது. மறுபடி நகர்ந்தாள். "ஃபீக்கா!"

செருப்புச் சத்தம் விலகும்போதெல்லாம்தான் அந்தச் சொல் வருகிறது. 'போயிடாதே, இங்கேயே இரு.' வேறென்ன கேட்பாள்?

 சிட்டுவின் காலில் ஏதோ உரசியது. அலறப் போனாள். அவளுடைய துப்பட்டாதான்.

கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். "ஃபீக்கா," என்று மெதுவாகச் சொல்லிக் கதவைத் தட்டினாள். சொன்னது சரியா தப்பா, தெரியாது.

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, டொக் டொக்.

இவள் தட்டினாள். அவள் தட்டினாள். இருட்டு அப்படியேதான் இருந்தது. ஆனால் அதில் இப்போது இரண்டு பேர் இருந்தார்கள்.

திடீரென்று மேலே தடதடவென்று ஏதோ உருண்டது. சிட்டு கதவோடு ஒட்டிக்கொண்டாள்.

"சிட்டு... அங்கதான இருக்க?" மாமாவின் குரல் நூலாக இறங்கி வந்தது.

"இருக்கேன் மாமா. அர்த்தம் கெடச்சுதா?"

"அகராதி கைநழுவிடுச்சு. அடுத்த படி எங்கன்னே தெரியல." செருப்பு படியைத் தேடித் துழாவும் சத்தம் கேட்டது.

கீழே மெக்கானிக்கின் டார்ச் வெளிச்சம் படியேறத் தொடங்கியது. அது மாமாவை எட்ட இன்னும் நேரமாகும்.

"ஃபீக்கா," என்றார் மாமா, மிகச் சின்னக் குரலில்.

லிஃப்ட்டுக்குள்ளிருந்து பொடிசு அவருக்காகத் தட்டினாள். டொக் டொக்.