தண்டவாளம் இல்லாத காலம்

கோபிசங்கரை வாடகை வான்காரன் படலையடியில் இறக்கிவிட்டுப் போனபோது மத்தியானம். மழை விட்டிருந்தது. ஓடுகள் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. வீட்டுக்குப் பின்னால், கிடுகு வேலிக்கு அப்பால், காங்கேசன்துறைக்குப் போகும் தண்டவாளம் நனைந்து மினுங்கியது. அவன் அதைப் பார்க்காமல் உள்ளே போனான்.

கனடாவிலிருந்து அவன் வந்த காரணம் ஒன்றுதான். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். தியாகராசாவுக்கு எண்பது வயது. ரயிலில் பச்சைக் கொடி காட்டும் கார்ட் வேலை பார்த்தவர். அண்மையில் குசினிக்குள் விழுந்து, விடியும்வரை நிலத்தில் கிடந்திருக்கிறார். இனி விழுந்தால் அப்படியே கிடந்து செத்துப்போவார் என்பது கோபிக்குத் தெரியும். அம்மா செத்ததை அவன் ரெலிபோனில்தான் கேட்டான். இதையும் அப்படிக் கேட்க அவனுக்கு மனமில்லை. விசா கிடைத்துவிட்டது. ரிக்கற்றும் போட்டாயிற்று. கிழவர்தான் வரமாட்டேன் என்று நின்றார்.

பக்கத்து வீட்டு உதயகலா அவருக்குச் சமைத்துக் கொடுப்பவள். வாசலிலேயே அவனை மறித்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயா ஹோலுக்கை இருக்கிறார் அண்ணை. நான் சோத்தை வைச்சிட்டு உடனை வந்திடுவன். பொழுதுபட்டால் உள்ளை போறேல்லை."

"ஏன்?"

"கரி மணக்கும். இஞ்சை ரெண்டு வீட்டிலையும் காஸ் அடுப்பு."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். ஐயாவுக்குச் சோறு வேண்டாம், கரியை அள்ளிப் போட்டால் போதும், ஓடுவார் என்றாள். சிரிப்பு வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

ஹோலில் சுவரிலிருந்து சுவர்வரை ஒரு பலகை. அதன்மேல் சுன்னாகம் ஸ்டேசன். ரெஜிபோம் நுரையட்டையில் வெட்டிய மேடை, ஈர்க்கில் கட்டிய வேலி, கம்பியில் முறுக்கிய பனைகள். நடுவே சின்னத் தண்டவாளம் வளைந்து சுற்றி வந்தது. தண்டவாளமும் எஞ்சின்களும் கோபி பார்சலில் அனுப்பியவை. மற்றதெல்லாம் கிழவரின் கைவேலை. இந்த முறை கேட்டிருந்த புது எஞ்சினை அவன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உது என்ன நீலம்? பந்தல்காரன் அடிச்சமாதிரிக் கிடக்கு."

மகனை வரவேற்று அவர் சொன்னது அவ்வளவுதான்.

ஒரே பலகையில் மூன்று காலத்தை ஓட்டுவது அவருடைய வித்தை. நிலமும் பனையும் தண்டவாளமும் அசையாது. மற்ற எல்லாவற்றையும் தூக்கி எடுக்கலாம். கரி ரயில் ஓடிய கரிக்கோச்சிக் காலத்துக்குப் பழைய ஓட்டுக் கூரை, மாட்டுவண்டி, தலைப்பா கட்டிய ஆட்கள். டீசலில் யாழ்தேவி ரயில் ஓடிய காலத்துக்கு மொரிஸ் கார், பெல்பொட்டம் போட்ட பெடியள். இந்தக் காலத்துக்குப் புதுக் கட்டடம், ஓட்டோ, போனைக் குனிந்து பார்க்கும் சனம். கழற்றியதைப் போட்டுவைக்கக் காலத்துக்கு ஒரு பிஸ்கற் ரின். ஒரு காலத்து ஆளை இன்னொரு காலத்தில் நிற்க அவர் விடமாட்டார். ஒரு ரின்னை மூடிய பிறகுதான் அடுத்த ரின்னைத் திறப்பார்.

அன்றைக்குப் பலகையில் கரிக்கோச்சிக் காலம் இருந்தது. மேடையின் நுனியில், தலைப்பாக்காரர்களுக்கு அப்பால், ஒரு சின்னப் பெண்பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. மஞ்சள் சட்டை. கையில் பச்சைக் கொடி.

கோபி பலகைமேல் குனிந்தான்.

"இதை ஏனப்பா செய்தனீங்கள்?"

"நான் செய்யேல்லை. எடுத்து ரின்னுக்குள்ளை போட்டிட்டுப் பார்."

அவன் எடுத்தான். பொம்மை ஈரமாக இருந்தது. மழையில் நின்ற பிள்ளையின் கைபோலச் சில்லென்று இருந்தது. ரின்னில் போட்டு மூடியை அழுத்தினான். அப்பா கட்டடங்களைக் கழற்றினார், யாழ்தேவிக் காலத்தை ஒவ்வொன்றாகப் பூட்டினார். கடைசிக் காரை வைத்துவிட்டுக் கையை எடுத்தார்.

மேடையின் நுனியில் அவள் நின்றாள்.

கோபி ரின்னைத் திறந்தான். உள்ளே தலைப்பாக்காரர்கள் மட்டும் கிடந்தார்கள்.

கஜானி அவனுடைய தங்கச்சி. கடைசி ரயில் போன மாதத்தில் பிறந்தவள். சண்டை வந்து ரயில் நின்றதும் சனம் தண்டவாளத்தைக் கழற்றி, குண்டுக்குப் பதுங்கும் பங்கருக்குக் கூரை போட்டது. சிலிப்பர் கட்டைகளைக் கிண்டி எடுத்தது. தியாகராசாவும் கிண்டினார். வேலை பார்த்த பாதையைத் தன் கையாலேயே அலவாங்கு போட்டு நெம்பினார். பிள்ளைகளுக்குப் பங்கர் வேண்டியிருந்தது. அதற்கு அழுதுகொண்டிருக்க நேரமில்லை.

கஜானி சாப்பிடப் பஞ்சிப்படுவாள். வாய்க்கு ஒரு ரயில் கதை சொல்லி அப்பா ஊட்டுவார். கடைசி வாய்க்கு எப்போதும் ஒரே பொய். இதைத் தின்றால் நாளைக்குக் கோச்சி வரும். ரயிலை அந்த வீட்டில் கோச்சி என்றுதான் சொன்னார்கள். கோச்சி எப்படியிருக்கும் என்று அவள் கேட்டால், பெரிசாய் இரையும், தூரத்திலேயே கேட்கும் என்பார். அவள் நம்பினாள். அவருடைய பழைய பச்சைக் கொடியைத் தூக்கிக்கொண்டு, புல் முளைத்த வெறும் பாதையில் போய் நிற்பாள். பிறகு வரேல்லை என்று திரும்பி வருவாள். கோபம் இல்லை. நாளைக்கு வருந்தானே.

அவளுக்கு ஐந்து வயதான வருசம் ஒருநாள் பின்னேரம், மஞ்சள் சட்டையோடு அவள் அப்படி நின்றபோது குண்டு போடும் பொம்பர் வந்தது. எல்லோரும் பங்கருக்குள் பாய்ந்தார்கள். கோபிக்கு அப்போது பதினைந்து வயது. பங்கர் வாசலிலிருந்து அவளைக் கண்டான், கூப்பிட்டான்.

தூரத்தில் பெரிசாய் இரைந்தது.

அவள் ஓடவில்லை. வானத்தைப் பார்த்துச் சிரித்தாள். கொடியை உயர்த்தினாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் ரயில் கதை சொல்லவில்லை. கொஞ்ச நாளில் ஊரே எழும்பி ஓடியது. அவளைப் புதைத்த இடத்தைத் திரும்பி வந்து தேடினார்கள். பற்றைதான் இருந்தது.

வந்திறங்கிய அன்று இரவு சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து கோபி மெதுவாகத்தான் கேட்டான். இப்படியே எவ்வளவு காலம்? கிழவர் சோற்றைப் பிசைந்துகொண்டே பதில் சொன்னார்.

"பயணி மேடையிலை நிக்கக் கார்ட் பச்சை காட்டமாட்டான், தம்பி. அவள் ஏறாமல் நான் பிளேன் ஏறமாட்டன்."

"ஏத்துங்கோவன். மூண்டு கோச்சி ஓடுதுதானே."

"ஏறமாட்டாள். கோச்சி ஓடின காலத்திலை அவள் இல்லை. அவள் இருந்த காலத்திலை கோச்சி இல்லை."

கோபி தொழிற்சாலையில் இயந்திரம் திருத்துகிறவன். பழுது எங்கே என்று தெரிந்தால் அவனால் சும்மா இருக்க முடியாது. அந்தக் காலத்தையும் செய்வோம் என்றான்.

அடுத்த நாட்களில் அதைத்தான் செய்தான். ஸ்டேசனுக்கு முன்னாலிருந்த தண்டவாளத்தைக் கழற்றி எடுத்தான். வெறும் பாதைக்குப் பச்சைச் சாயம் போட்ட மரத்தூளைத் தூவினான். அட்டையில் ஒரு ஸ்டேசன் ஒட்டி, மெழுகுதிரியில் கருக்கிக் கூரையை விழுத்தினான். அப்பா ஸ்குரூ டிறைவரையும் குறட்டையும் எடுத்து எடுத்துக் கொடுத்தார். கடைசித் துண்டைக் கழற்றும்போது மட்டும் அவன் கையை விலக்கிவிட்டுத் தானே கழற்றினார்.

அந்தக் காலத்துக்கு ரின் இல்லை. வைக்க ஆட்களும் இல்லை.

வைக்கத் தேவையும் இருக்கவில்லை. கோபி கிணற்றடியில் கைகழுவிவிட்டு வந்தபோது, அவள் வெறும் பாதையின் நடுவில் நின்றாள். முதல் தடவையாக முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

கோபி அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு யாழ்தேவியைத் தண்டவாளத்தில் ஏற்றிச் சுவிட்சைப் போட்டார். அது ஓடி வந்து, தண்டவாளம் முடிகிற இடத்தில் முட்டுப்பட்டதுபோல நின்றது. அதற்கு மேல் போக அதற்கு வழியில்லை. கிழவர் கதிரையில் சாய்ந்தார். வெளியே மழை மறுபடி பிடித்தது. பொழுதுபட்டது.

கறண்ட் போனது.

முதலில் மணம் வந்தது. ஈரக் கரி எரிகிற மணம். பிறகு பலகைக்கு அடியிலிருந்து, மிகத் தூரத்திலிருந்து வருவதுபோல, ஒரு நடுக்கம். ரின்களுக்குள் கிடந்த ஆட்கள் கிலுங்கினார்கள். கோபி பலகையின் விளிம்பைப் பிடித்தான். அது சூடாக இருந்தது.

இருட்டுக்குள் சில்லுகள் உருண்டன.

கறண்ட் இல்லை.

சில்லுகள் உருண்டன.

தண்டவாளம் முடிகிற இடத்துக்கு அந்தச் சத்தம் வந்தது. நிற்கவில்லை. இரும்பில் உருண்ட சத்தம் மண்ணில் உருளும் சத்தமாக மாறியது. பிறகு பிறேக் பிடித்தது. நீளமான ஒரு பெருமூச்சு. ஹோல் முழுக்க ஆவியின் வெக்கை.

"ஏறு குஞ்சு." அப்பாவின் குரல் அவனுக்குப் பக்கத்தில் கிசுகிசுத்தது. "இதுதான் கோச்சி. அப்பா சொன்ன கோச்சி. ஏறனை."

ஒன்றும் கேட்கவில்லை.

"ஏறனை குஞ்சு."

சில்லுகள் மறுபடி உருண்டன. மெதுவாக. பிறகு விரைவாக. பிறகு மழை மட்டும் கேட்டது.

கறண்ட் வந்தபோது யாழ்தேவி, தண்டவாளம் கழற்றின இடத்தைத் தாண்டி மறுபக்கத் தண்டவாளத்தில் நின்றது. நடுவில் மரத்தூள் கலையவேயில்லை.

அவள் அதே இடத்தில் நின்றாள். கொடியை உயர்த்திக்கொண்டு, தலையை அண்ணாந்து, ஹோலின் முகட்டைப் பார்த்துக்கொண்டு.

தியாகராசாவுக்கு விளங்க நேரம் எடுக்கவில்லை. கோபிக்கும்தான்.

"எது கோச்சியெண்டு அவளுக்குத் தெரியாது, தம்பி," என்றார். அவர் அழவில்லை. "முன்னாலை வந்து நிண்டும் காணேல்லை. அது மேலாலை வாற சாமான் எண்டு நினைச்சுக்கொண்டு நிக்கிறாள்."

கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "பக்கத்திலை நிண்டு ஆரும் காட்டவேணும்."

அன்று அவர் நன்றாகச் சாப்பிட்டார். கடைசி வாயையும் வழித்துச் சாப்பிட்டார். விடிய உதயகலா தேத்தண்ணி கொண்டுவந்தபோது பலகையோடு ஒட்டிய கதிரையில் இருந்தபடியே செத்திருந்தார். வலதுகை வெறும் பாதையின்மேல் கிடந்தது. கோபி அடுத்த அறையில்தான் படுத்திருந்தான். அவனுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தும், ரெலிபோனில் கேட்டதுபோலத்தான் ஆயிற்று.

மஞ்சள் சட்டைப் பொம்மையைக் காணவில்லை. பலகைக்குக் கீழே, ரின்களுக்குள்ளே, அப்பாவின் உடுப்புக்குள்ளே எல்லாம் தேடினான். இல்லை. கரி மணமும் நின்றுவிட்டது என்று உதயகலா சொன்னாள். அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை அவன் அந்த வீட்டில்தான் இருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. அவள் ஏறிவிட்டாள், அப்பாவும் கூடப் போய்விட்டார் என்று எண்ணிக்கொண்டான். அப்படி எண்ணுவது சுகமாக இருந்தது. பலகையைத் துண்டு துண்டாகக் கழற்றி அடுக்கினான்.

கொழும்புக்கு வான் பிடிக்கவில்லை. காலை ரயிலில் ஏறினான். அப்பாவுக்காக ஒருமுறை அதில் போகவேண்டும் என்று தோன்றியது. சுன்னாகம் ஸ்டேசனை விட்டு ரயில் நகர்ந்தது. நல்ல வெயில். அவன் பெட்டி வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வீட்டுக் கிடுகு வேலி வந்தது.

வேலிக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் இரண்டு பேர் நின்றார்கள்.

கார்ட் உடுப்பில் அப்பா முழங்காலை ஊன்றியிருந்தார். அவருக்குப் பக்கத்தில் மஞ்சள் சட்டை. ஒரு கையால் ரயிலைக் காட்டிக்கொண்டு, மற்றக் கையால் அவளின் நாடியைப் பிடித்து முகத்தை இந்தப் பக்கம் திருப்பப் பார்த்தார். மெதுவாக, நோகாமல், சோறூட்டும்போது திருப்புவதுபோல.

முகம் திரும்பவில்லை.

பெட்டிகள் ஒவ்வொன்றாக அவர்களைக் கடந்தன. கோபி அவளுடைய பெயரைச் சொல்லிக் கத்தினான். பின்னாலிருந்த சனம் அவனைப் பிடித்து உள்ளே இழுத்தது. அவள் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, கொடியை இன்னும் உயர்த்தினாள்.

ரயிலின் இரைச்சலுக்கு மேலே, முகிலே இல்லாத வெறும் வானத்தில், வேறொரு இரைச்சல் வந்துகொண்டிருந்தது.